வார்டுப் பேரிக்காய்

மதுரை ஆஸ்பத்திரியில் அப்பா படுத்திருந்த வார்டைக் கூட்டிய அக்காவின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒல்லி உடம்பு, நீலச் சேலை, நரைத்த கொண்டை. யாராவது செத்தால், வீட்டார் விட்டுப்போகும் பேரிக்காய்ப் பையை எடுத்து, ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். கல்லாக இருந்தால் புளிக்குழம்புக்கு. கனிந்திருந்தால் வெல்லம் போட்டுப் பச்சடிக்கு.

“அப்படியே திங்கலாம்லக்கா?” என்றேன்.

“பழமா வெட்டி வச்சா, யாரு குடுத்தான்னு பிள்ளைக கேக்கும் தம்பி. குழம்புல கெடந்தா கேக்காதுக.”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்பா போன காலையில் அக்கா எங்கள் பேரிக்காய்ப் பையைத் தொடாமல் கட்டிலோரம் நின்றார். அப்பா மெல்லுகிற பதத்துக்குக் கனியட்டும் என்று முந்தின நாள்தான் வாங்கிவைத்திருந்தேன். ஒவ்வொன்றாக நானே அமுக்கிப் பார்த்துவிட்டுப் பையை நீட்டினேன்.

“எல்லாம் காய்தான்க்கா. குழம்புக்கு ஆகும்.”