கையைக் கடிக்காத கயிறு

என் நாத்தனாரைப் பந்தயத் தடத்தில் எல்லோரும் ‘தராசு’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்களுக்குத் ‘தராசு அக்கா’. அங்கே வண்டி ஓட்ட வரும் பல் டாக்டர் மட்டும் ‘மேடம்’ என்பார். அதில் மரியாதை எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்பதை அன்றன்றைக்குக் கேட்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டிலும் அவள் தராசுதான். மூன்று டம்ளரில் டீ ஊற்றினால் குனிந்து மட்டம் பார்த்த பிறகுதான் நீட்டுவாள்.

“நாங்க என்ன உன் எஞ்சினா?” என்பார் என் கணவர், அவளுடைய அண்ணன். லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

“எஞ்சினா இருந்தா இந்நேரம் உன் வாய்க்கும் சேர்த்து சீல் வச்சிருப்பேன்” என்பாள்.

அவள் பார்க்கும் வேலை இதுதான். ஊரை விட்டுத் தள்ளி, மூடிப்போன ஒரு கிடங்குக்குப் பின்னால் கார்ட் பந்தயத் தடம் இருக்கிறது. கார்ட் என்றால் தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டும் சின்ன வண்டி. கதவும் இல்லை, கூரையும் இல்லை. ஓட்டுகிறவரின் முழங்கைக்குப் பக்கத்தில் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். எங்கள் தடத்தில் எஞ்சின் யாருக்கும் சொந்தமில்லை. பத்து எஞ்சினும் தடத்துக்குச் சொந்தம். ஞாயிறு காலையில் ஒரு ஹெல்மெட்டுக்குள் எண் எழுதிய பாட்டில் மூடிகளைப் போட்டுக் குலுக்குவார்கள். கைக்கு எந்த எண் வருகிறதோ அந்த எஞ்சினைப் பூட்டிக்கொண்டு ஓட வேண்டும். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவரும் பல் டாக்டரும் ஒரே கோட்டில் நின்று ஓட முடிவது அதனால்தான். அதற்குப் பத்தும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. பத்தையும் ஒன்றுபோல வைப்பதுதான் அவள் வேலை.

கல்யாணமான வீட்டில் தண்ணீர் பம்ப், ஜெனரேட்டர் ரிப்பேர் கடை இருந்தது. அங்கே கற்றுக்கொண்டாள். கணவர் வேலைக்கென்று வேறு ஊருக்குப் போய், அங்கே இன்னொரு குடும்பத்தோடு இருந்துவிட்டார். அவள் டூல் பாக்ஸை மட்டும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டது ஒரே முறை. “ரெண்டு வீட்டுல ஓடுற எஞ்சின் அண்ணி அது. எங்கயும் ஒழுங்கா ஓடாது.” சொல்லிவிட்டு வெங்காயத்தை நறுக்கப் போய்விட்டாள்.

ஷெட்டில் அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எண்ணெயை ஊசிக் குழாயில் அளந்துதான் ஊற்றுவாள். பத்து கார்பரேட்டருக்கும் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை ஒரே பெட்டியிலிருந்து எடுப்பாள். கழற்றிய பிளக்குகளை வரிசையாக நிற்க வைத்து, நுனியின் நிறத்தைப் பார்ப்பாள். கடைசியாக டேப்பெட். வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே தலைமுடி கனத்துக்கு ஓர் இடைவெளி விட வேண்டும். ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை அதில் நுழைத்து இழுப்பாள். தகடு வழுக்கவும் கூடாது, மாட்டவும் கூடாது. எல்லாம் முடிந்ததும் கம்பி கோத்து ஈயக் குண்டை நசுக்கிச் சீல் வைப்பாள். அதன் பிறகு அந்த எஞ்சினை யாரும் திறக்கக் கூடாது.

என் வேலை ஹெல்மெட் துடைப்பது, உள் தொப்பிகளைத் துவைத்துக் காயப்போடுவது. போன வருஷம் அவளுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டதிலிருந்து காலையில் எஞ்சின்களைக் கயிறு இழுத்துக் கிளப்புவதும் என் வேலையானது. அதே சமயத்தில்தான் பழைய எஞ்சின்கள் போய்ப் புது மாடல் வந்தது.

இந்த வருஷப் பருவத்தில், அடுத்தடுத்து நான்கு ஞாயிறு ஐந்தாம் எண் எஞ்சினே ஜெயித்தது. நான்கு முறையும் ஓட்டியது வேறு வேறு ஆள். நான்காவது ஆள் பஸ் டிரைவர். அதுவரை ஆறாவது இடத்தைத் தாண்டாதவர். கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “ஜெயிச்சேன்னு போன் பண்ணினா, எந்த பஸ்ஸை முந்தினீங்கன்னு கேக்கிறா என் பொண்டாட்டி” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

பல் டாக்டர் சிரிக்கவில்லை. “மேடம், அஞ்சுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல் சாப்பாடு போடுறீங்க?” என்றார்.

“பத்துக்கும் ஒரே சாப்பாடுதான் டாக்டர்.”

“அப்போ ஒரு புள்ளை மட்டும் எப்படி இவ்வளவு வளருது?”

குலுக்கலில் இனி நம்பிக்கை இல்லை, அடுத்த பருவத்திலிருந்து அவரவர் எஞ்சினை அவரவர் கொண்டுவரட்டும் என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நல்ல எஞ்சின் வாங்க முடிகிறவர்கள் அவர்கள்தான். பஸ் டிரைவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். வரும் ஞாயிறு கை தூக்கி முடிவு செய்யலாம் என்றார் தடத்தின் முதலாளி. பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “அதுக்குள்ள அஞ்சுல என்னன்னு பாத்துடும்மா” என்றார்.

அன்று மாலையே எல்லோர் முன்னாலும் ஐந்தின் சீலையும், ஒப்பிட்டுப் பார்க்க மூன்றின் சீலையும் வெட்டியெடுத்தாள். திங்கள் முதல் புதன் வரை ஐந்தாம் எண்ணைப் பிரித்துப் போட்டுப் பார்த்தாள். பிஸ்டனை அளந்தாள், கார்பரேட்டரை ஊதினாள், கிளட்சை மாற்றிப் பூட்டினாள். எல்லா அளவும் மற்ற ஒன்பதைப் போலத்தான் இருந்தது. புதன்கிழமை டீ ஊற்றியபோது டம்ளர்களைக் குனிந்து பார்க்கவில்லை. ஒன்றில் அரை, ஒன்றில் முக்கால். அதைப் பார்த்துத்தான் எனக்கு மனசு கேட்கவில்லை.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். ஒரு மாதமாகத் தெரியும். எஞ்சினைப் பற்றி நான் என்ன சொல்வது என்று சும்மா இருந்துவிட்டேன். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள், ஹெல்மெட் துடைக்கிறவள். வியாழக்கிழமை காலையில் தொப்பிகளைக் காயப்போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

“என்ன அண்ணி?”

“ஒண்ணுமில்ல. அஞ்சு மட்டும் கையைக் கடிக்காது.”

“என்னது?”

“கயிறு. மத்ததெல்லாம் இழுக்கும்போது பாதியில திருப்பி வெடுக்குன்னு பிடுங்கும். அஞ்சு மட்டும் வெண்ணெய் மாதிரி வரும்.”

என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல்களின் அடியில் பழைய நீலத் தழும்பு.

“இதை ஏன் சொல்லல?”

“கயிறுன்னா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்.”

“நல்லா நினைச்சீங்க போங்க! ஊமை மாதிரி இருந்துக்கிட்டு ஒரு வருஷம் அடி வாங்கியிருக்கீங்க.”

எழுந்து போய் இடது கையால் மூன்றாம் எண்ணின் கயிற்றை இழுத்தாள். கயிறு அவள் கையை எதிர்த்து அடித்தது. ஏழு, அதேதான். ஐந்து, சத்தமில்லாமல் வந்தது. தோள் வலியால் ஒரு வருஷமாக அவள் எந்தக் கயிற்றையும் தொடவில்லை.

மூன்றாம் எண்ணின் வால்வு மூடியைக் கழற்றினாள். எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்திலும் அதன் மேல்மூடியிலும் அவள் போட்ட வெள்ளைக் கோடுகள் உண்டு; இரண்டும் சேர்ந்தால் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். பழைய எஞ்சின் காலத்திலிருந்து, அந்த இடத்தில் நிறுத்தித்தான் டேப்பெட் வைப்பாள். இப்போது கோடுகள் சேரும் இடத்தை நோக்கி மெல்ல மெல்லச் சுற்றினாள். நான் டார்ச் பிடித்தேன்.

“ராக்கரையே பாருங்க அண்ணி. இமைக்காதீங்க.”

உச்சிக்கு வரும்போது, தூங்குகிறவரின் இமை துடிப்பதுபோல ராக்கர் கொஞ்சமே கொஞ்சம் அசைந்தது. கோட்டைத் தாண்டிக் கால் அங்குலம் போனதும் அடங்கி உட்கார்ந்தது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எனக்குப் புரியும்படி சொன்னாள். கயிறு எளிதாக வரட்டும் என்று, கிளப்பும் நேரத்தில் மட்டும் வால்வைத் துளி தூக்கிப் பிடிக்க இந்தப் புது மாடலில் ராக்கரை அசைக்கும் தண்டில் ஒரு சின்ன மேடு வைத்திருக்கிறார்கள். கோட்டில் நிறுத்தினால் ராக்கர் அந்த மேட்டின்மேல் நிற்கிறது. அங்கே இடைவெளி வைத்தால், மேட்டை விட்டு இறங்கியதும் இடைவெளி கூடிவிடும். மேடு ராக்கரை அசைத்தாலும் அது வால்வைத் தொடவே தொடாது. கயிறு கையைக் கடிக்கும். வால்வும் திறக்க வேண்டிய அளவுக்குத் திறக்காது. நேர்த் தடத்தில் வேகம் துளி குறையும்.

“அப்போ அஞ்சு?”

“அஞ்சு ஒரு மாசம் முன்னாடி டயர் அடுக்கின சுவத்துல மோதி மேல்மூடி உடைஞ்சது இல்ல? புது மூடியில கோடு போடல. பெயின்ட் வாங்கணும், வாங்கணும்னு சொல்லிக்கிட்டே விட்டுட்டேன். அதுக்கு மட்டும் பிளக் ஓட்டையில ஸ்ட்ரா விட்டுப் பாக்கிறேன். ஸ்ட்ரா மேல ஏறி, கீழ இறங்க ஆரம்பிச்சாத்தானே உச்சி தாண்டுச்சுன்னு தெரியும்? அங்கதான் நிறுத்துவேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அஞ்சுல தப்பே இல்ல அண்ணி. அது ஒண்ணுதான் சரி. மத்த ஒன்பதையும் நான் கெடுத்து வச்சிருக்கேன்.”

முதலாளியிடம் அன்றைக்கே சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான். யோசித்துவிட்டு, “ஒன்பதைத் தொட வேணாம்மா. அஞ்சையும் கோட்டுல வச்சு மத்ததோட சேத்துடு. எல்லாம் ஒண்ணாயிடும்ல? அதுதானே உன் வேலை?” என்றார்.

அவர் சொன்னது பொய்யும் இல்லை. ஒரு எஞ்சின், அரை மணி நேர வேலை. யாருக்கும் தெரியாது. ஒன்பதையும் சரிசெய்வதானால் மீதி எட்டு சீலையும் உடைக்க வேண்டும். ஓட்டுகிறவர்கள் முன்னால்தான் சீலை உடைக்கலாம், அது அவளே போட்ட விதி. ஏன் உடைக்கிறாய் என்று கேட்பார்கள். சொன்னால் குலுக்கல் அன்றோடு போகும். குலுக்கல் போனால் பஸ் டிரைவர் போன்றவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான். அவளுக்கும் ஷெட்டில் வேலை இருக்காது.

சனிக்கிழமை துணி மடிக்கும்போது கேட்டேன். “என்ன பண்ணப் போறே?”

“தெரியல அண்ணி. அஞ்சை எடுத்து மேசைமேல வச்சேன். கை போகல.” ஒரு துண்டை மூன்று முறை மடித்தாள். “சரியா இருக்கிறதை எப்படிக் கெடுக்கிறது? ஸ்பேனரைக் கையில எடுத்து எந்தப் பக்கம் திருப்புறதுன்னே மறந்துபோச்சு.”

ஞாயிறு காலையில் பத்து எஞ்சினையும் நீள மேசையில் வரிசையாக வைத்தாள். வால்வு இடைவெளியை எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும் என்பதால், அன்றைக்கு என்னைக் கயிறு இழுக்க வேண்டாம் என்றிருந்தாள். எல்லோரும் வந்ததும் கட்டிங் பிளேயரை எடுத்து முதல் சீலை வெட்டினாள். ஈயக் குண்டு தகரத் தட்டில் விழுந்த சத்தத்தில் பேச்சு நின்றது.

“அஞ்சு சரியா இருக்கு. மத்த ஒன்பதும் நான் தப்பா வச்சது. புது மாடல் வந்ததுலேருந்து” என்றாள். பெரிய குரல் இல்லை. ராக்கர் அசைவதை எல்லோருக்கும் காட்டினாள். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள்.

பல் டாக்டர்தான் ரொம்ப நேரம் பார்த்தார். சின்ன ஓட்டைக்குள் குனிந்து பார்ப்பது அவருக்குப் பழக்கம். “இதைச் சொல்லாம அஞ்சைக் குறைச்சிருக்கலாமே மேடம்” என்றார்.

“குறைச்சிருக்கலாம்.”

“சரி. அப்போ அந்த நாலு ஞாயிறையும் கணக்குல எடுக்கக் கூடாது.”

“எடுக்க வேணாம். அடிச்சிடுங்க.”

அவள் பஸ் டிரைவர் பக்கம் திரும்பினாள். கையிலிருந்த பிளேயரை மேசைமேல் வைத்தாள். “மன்னிச்சுக்குங்க தம்பி. நீங்க ஜெயிச்சதும் அதுல போகுது.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். “கோப்பையைத் திருப்பித் தரணுமா அக்கா? அதுல அவ செடி வச்சுட்டா.”

“செடி இருக்கட்டும்” என்றார் முதலாளி. யாரோ சிரித்தார்கள், பிறகு பஸ் டிரைவரும் சிரித்தார். ஆனால் முன்பு ஐந்தாம் எண்ணில் ஜெயித்த இன்னொருவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்க, ஒன்பதையும் கோட்டைக் கால் அங்குலம் தாண்டி நிறுத்தி, தகடு நுழைத்து, இறுக்கினாள். மூன்று மணி நேரம் ஆனது. சீல் வைக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணி, இழுங்க.”

அத்தனை பேர் பார்க்கிறார்கள். ஒன்றாம் எண்ணை இழுத்தேன். வெண்ணெய். இரண்டு, மூன்று, நான்கு. எட்டில் நிறுத்தினேன்.

“என்ன?”

“கொஞ்சம் கடிக்குது.”

மூடியைக் கழற்றிப் பார்த்தாள். நட்டு இறுகும்போது இடைவெளி நகர்ந்திருந்தது. திரும்ப வைத்தாள். திரும்ப இழுத்தேன். தலையாட்டினேன். ஈயக் குண்டை நசுக்கினாள்.

பிறகு முதலாளி கை தூக்கச் சொன்னார். மீதியிருந்த ஒன்பது பேரில் ஆறு கை குலுக்கலுக்கு. பல் டாக்டர் கை தூக்கவில்லை. ஆனால் ஹெல்மெட்டுக்குள் முதலில் கை விட்டவர் அவர்தான். எட்டாம் எண் மூடி வந்தது.

அன்று ஒன்பது வண்டியும் ஒரே நூலில் கோத்ததுபோல ஓடின. நேர்த் தடத்தில் யாரும் யாரையும் விட்டு விலகவில்லை. முந்துவதெல்லாம் வளைவில்தான் நடந்தது. ஐந்தாம் எண் கிடைத்தவர் ஏழாவதாக வந்தார். ஜெயித்தது பல் டாக்டர்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பஸ் டிரைவர் போய் நின்றார். “எட்டுக்கு என்ன ஸ்பெஷல் சாப்பாடு டாக்டர்?”

டாக்டர் எஞ்சினைக் குனிந்து பார்த்தார், சீலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்தார். “மேடத்தோட அண்ணியைக் கேளுங்க” என்றார்.

நான் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு துடைக்கப் போனேன். ஷெட்டில் அவள் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு டம்ளரையும் மேசையில் வைத்து, குனிந்து, கண்ணை இடுக்கி மட்டம் பார்த்தாள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு சொட்டு சாய்த்தாள்.