கைக்கு வந்த விருதை வேண்டாம் என்றவர்

வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வல்லத்திராக்கோட்டையிலிருந்து முனைவர் ஆரோக்கியமேரியின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார். ஒங்களுக்கு மொதல்ல சொல்லச் சொல்லியிருந்தாங்க." மேடத்தின் உடல்நிலை மோசமாக இருந்தது எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அன்று வகுப்புக்குப் போக முடியவில்லை.

ஒரே கல்லூரியில், ஒரே ஆய்வகத்தில் நாங்கள் வேலை பார்த்தோம். ஒரு சாலையைப் போடுமுன் அதைக் கணினிக்குள் போட்டு, பேருந்தையும் டூவீலரையும் ஷேர் ஆட்டோவையும் ஓடவிட்டுப் பார்ப்பது எங்கள் ஆராய்ச்சி. வெளிநாட்டு மென்பொருட்கள் எல்லா வண்டிகளும் கோட்டுக்குள் வரிசையாகப் போகும் என்று நம்பின. நம் ஊர்ச் சாலையில் அவை பயன்படவில்லை. "இங்க ஒழுங்கே கிடையாதே, எதைக் கணக்குப் போடுவது?" என்று ஒரு கருத்தரங்கில் ஒருவர் கேட்டார். மேரி மேடம் அமைதியாகச் சொன்னார்: "ஒருத்தரை ஒருத்தர் பாத்துத்தானுங்களே ஒதுங்குறாங்க. அந்தப் பார்வையைக் கணக்குல கொண்டாரணும்." பல வருடம் உழைத்து அதைக் கணக்குக்குள் கொண்டுவந்தார். திருவரங்குளம் பக்கம் சாலைகள் கூடும் ஒரு முக்கத்துக்காக அந்த முறையில் நாங்கள் செய்த வடிவமைப்புக்குத்தான் தேசிய அளவில் ஆராய்ச்சி விருது அறிவிக்கப்பட்டது. இருவர் பெயரிலும்.

விழாவுக்குச் சில நாட்கள் இருக்கையில், ஊருக்குப் போகும் வழியில் அவர் அந்த முக்கத்தில் இறங்கியிருக்கிறார். காலில் கட்டுப்போட்ட கணவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு ஒரு பெண் சாலையைக் கடந்ததைப் பார்த்திருக்கிறார். மறுநாள் ஆய்வகத்துக்கு வந்ததும் என்னைக் கணினி முன் உட்காரவைத்தார்.

"நம்ம மாடல்ல ரோட்டைக் கடக்குற எல்லாரும் திடமா நடக்குறவங்க, கதிரேசன். சில பேரோட வேகத்தை மட்டும் கொறைச்சிருக்கேன். பாருங்க."

திரையில் மனிதர்களைக் குறிக்கும் புள்ளிகள் கிளம்பின. சில புள்ளிகள் பாதிச் சாலையில் இருக்கும்போதே சிக்னல் மாறியது. முக்கத்தில் வளைந்து வந்த பேருந்துக்கு முன்னால் அவை நின்றன. நாங்கள் மிகச் சிறந்தது என்று எழுதிய வடிவமைப்பு அது.

எனக்கு முதலில் வந்தது பயம், அடுத்து கோபம். அந்த விருதை நம்பித்தான் என் பதவி உயர்வு இருந்தது. "விருது மாடலுக்குத்தானே மேடம்? ரோட்டுக்கு இல்லையே," என்றேன்.

"இந்த மாடலை நம்பித்தாங்க ரோடு போடப்போறாங்க."

தேர்வுக் குழுவுக்கு அப்போதே போன் செய்தார். இப்போது விருதை வாங்கிக்கொண்டு திருத்தத்தைப் பிறகு வெளியிடலாம் என்று அவர்கள் பரிவோடுதான் சொன்னார்கள். "தப்புன்னு தெரிஞ்சப்பறம் மேடையேற முடியாதுங்க," என்றார் அவர். விருது வேறொரு ஆய்வுக் குழுவுக்குப் போனது.

அதன் பிறகும் அவர் விழாவுக்கு வந்தார். சபையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் குழு மேடையேறியபோது மனதாரக் கை தட்டினார். சாப்பாட்டு நேரத்தில் அவர்களைத் தேடிப் போய், அவர்களுடைய கணக்கைப் பற்றி ஆசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வருத்தம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தெரியவில்லை. ஒரு மனிதரால் இப்படி இருக்க முடியுமா என்ற பிரமிப்பில் என் கோபம் கரைந்தது.

ஊர் திரும்பியதும் மாதக்கணக்கில் உட்கார்ந்து வடிவமைப்பைத் திருத்தினோம். நடுச்சாலையில் நின்று மூச்சுவாங்கி, மறு பாதியைக் கடக்க ஓர் அகலமான திட்டு சேர்த்தோம். முக்கம் அப்படியே கட்டப்பட்டது. அதற்கு யாரும் விருது தரவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

மேடத்தின் அடக்கம் முடிந்து திரும்புகையில் அந்த முக்கத்தில் இறங்கினேன். தலையில் சுமையோடு ஒரு பெண் அந்தத் திட்டில் நின்று, பேருந்து போனதும் நிதானமாக அந்தப் பக்கம் போனார். அவருக்கு மேரி மேடத்தைத் தெரிந்திருக்காது. மேடத்தை அறிந்த எங்களுக்கு, அந்தப் பெண் பத்திரமாகக் கடந்ததே போதும்.

இப்போதும் என் கணக்கு நன்றாக வந்துவிட்டால், அந்தச் சாலை வரப்போகும் இடத்துக்கு ஒரு முறை பஸ்ஸில் போய் இறங்குகிறேன். அங்கே எல்லாரிலும் மெதுவாக நடப்பவர் யார் என்று பார்த்துவிட்டு வந்துதான் வடிவமைப்பில் கையெழுத்துப் போடுகிறேன். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இது ஒன்றுதான்.