கடைசிச் சண்டையில் மூச்சு விட்டவர்

தாணு அண்ணன் போய்விட்டார். இன்று காலை, பூதப்பாண்டி வீட்டில். மூச்சு இழுப்பு கூடி, ஆட்டோ வருவதற்குள்…

நாகர்கோவிலில் நான் பில் போட்டுக்கொண்டிருந்த டைல்ஸ் கடையில் அவர் மினி லாரி டிரைவர். உங்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. ஆனால் ஆளைத் தெரியும்.

போன வருஷம் இந்த சினிமா பேஜில் நான் போட்ட வீடியோ ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சாகாத வீரர்கள் படம். ஹீரோவுக்குப் பின்னால் செத்துக் கிடப்பவர்… அவர்தான்.

செய்தி தெரிந்து யாரோ அந்த வீடியோவுக்குக் கீழேயே ஆர்ஐபி போட்டிருக்கிறார். அதற்கு இன்னொருவர் பதில், "இந்தத் தடவை நடிப்பு கரெக்ட்டா இருக்கும்." கூடவே சிரிக்கிற பொம்மை.

அவரை பிளாக் செய்தேன். அவரைச் சிரிக்க வைத்ததே நான்தான் என்பது பிளாக் செய்த பிறகுதான் உறைத்தது.

நான் இப்போது இருக்கிற கொட்டாரத்தில் இருந்து பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் ஒரே பயம்தான். அவர் மனைவி, எங்கள் மைனி, கேட்டால் என்ன சொல்ல?

அவர் அந்தப் படத்தில் நடித்ததே ஒரு கூத்து. பேச்சிப்பாறை பக்கம் ஷூட்டிங். அரண்மனை செட்டுக்குத் தரை போட எங்கள் கடையில் இருந்து டைல்ஸ் போனது. லோடு இறக்கப் போனவரின் மீசையைப் பார்த்து ஒரு சினிமா மேனேஜர் பிடித்துக்கொண்டார். கவசம் மாட்டி, விக் வைத்து, பத்து நாள்.

"என்ன வேஷம் அண்ணே?" என்று கேட்டேன்.

"சவம்" என்றார்.

அவர் வாயில் எப்போதும் இருக்கிற வார்த்தை அது. டைல்ஸ் பெட்டி உடைந்தால், "சவத்த விடு மக்கா." நான் பில்லில் தப்பாக அடித்து அவர் முதலாளியிடம் ஏச்சு வாங்கினாலும், "சவத்த விடு மக்கா." அதைச் சொல்லிவிட்டார் என்றால் விஷயம் முடிந்தது. மனதில் வைத்துக்கொள்ள மாட்டார்.

"இப்ப எனக்கே அந்த வேசத்தத் தந்துட்டான், கேட்டியா" என்று அவரே சிரித்தார்.

படம் வந்தது. ஆறு வீரர்கள், யாருக்கும் சாவு கிடையாது. வெட்டினால் காயம் தானாக ஆறிவிடும். ஃபைட் வேற லெவல் என்று பாதிப்பேர். சாகவே மாட்டான் என்றால் அவன் சண்டையைப் பார்த்து நாம் ஏன் பதறணும் என்று மீதிப்பேர். நான் இரண்டாவது கட்சி. என் ரிவ்யூவுக்குக் கீழே மூன்று நாள் அடிதடி.

ஓடிடியில் வந்ததும் திரும்பப் பார்த்தேன். கடைசிச் சண்டை. ஹீரோ வாளை ஊன்றி, தனக்கு மரணமில்லை என்று முழங்குகிறார். பின்னால் கிடக்கிற பிணத்தின் நெஞ்சு ஏறி இறங்குகிறது… நன்றாகவே ஏறி இறங்குகிறது.

அதை மட்டும் வெட்டி, சிவப்பு வட்டம் போட்டு, "ஹீரோவுக்கு மட்டுமா? இந்த அண்ணனுக்கும் மரணமில்லை" என்று எழுதிப் போட்டேன். முகம் அந்தப் பக்கம் திரும்பி இருந்தது. அவர் என்று சத்தியமாகத் தெரியாது.

படம் பிடித்தவன், பிடிக்காதவன் எல்லாரும் ஒற்றுமையாகச் சிரித்தது அதற்குத்தான். வாட்ஸ்அப்பில் எனக்கே திரும்பி வந்தது.

சாயங்காலம் ஒரு கமென்ட். "அது நான்தான் மக்கா. நல்ல வெயிலு, இழுப்பு வந்துட்டு. அடக்கிப் பாத்தேன். முடியல."

அந்தக் கமென்ட்டுக்கும் சிரித்தார்கள்.

அப்போதே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. வீடியோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அதுதான் காரணம். வேறு காரணம் சொன்னால் பொய்.

மறுநாள் கடையில், "அண்ணே, நீங்கன்னு தெரியாது…" என்று ஆரம்பித்தேன்.

அவர் லோடு சீட்டை நீட்டினார். "பில்லப் போடு. வண்டி ரோட்டுல நிக்கு."

"சவத்த விடு" என்கிற அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று பார்த்தேன். டீ வாங்கித் தந்தேன், குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார், மகள் பரீட்சையைப் பற்றிப் பேசினார். அதை மட்டும் சொல்லவில்லை. நான் அந்தக் கடையை விட்டு வருகிற வரைக்கும்.

இன்று போனேன். வாசலில் பந்தல், உள்ளே ஐஸ் பெட்டி. கண்ணாடி வழியாக அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பின்னால் ஆள் வந்து நின்றதால் நகர்ந்தேன்.

மைனி என்னைப் பார்த்துவிட்டார். என்னைத் தெரியும் அவருக்கு. பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"மைனி, அந்த வீடியோ… இப்பவே எடுத்துருகேன்."

ஃபோனைக் கையில் வைத்திருந்தேன். ஒரு அமுக்கு அமுக்கினால் போய்விடும். மைனி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காண்டாம் தம்பி."

எனக்குப் புரியவில்லை. அவரோ பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல மூச்சு விடுகாருல்லா…"

இப்போது வெளியே ரோட்டில், பைக் பக்கத்தில் நின்று இதை எழுதுகிறேன். வீடியோவை எடுக்கவில்லை. இனி யாரும் புதிதாகப் போட முடியாதபடி கமென்ட்டை மட்டும் பூட்டிவிட்டேன். அவருடைய அந்தக் கமென்ட் அங்கேயே இருக்கிறது.

அடக்க வேண்டாம் தாணு அண்ணே. போயிட்டு வாங்க.