குறுக்கே கிடந்த கிளை

எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரியில், என் பழைய ஓட்டக் காலணிகளுக்குப் பக்கத்தில், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பாட்டில் நிற்கிறது. தக்காளி சாஸ் வந்த பாட்டில். உள்ளே இருப்பது கோலமாவு. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, அவசரத்துக்குக் கோலம் போட என் மனைவி கண்டுபிடித்த வழி என்று நினைத்துப் பாராட்டுவார்கள். கண்டுபிடித்தது அவளுடைய அண்ணன், என் மச்சான். தலைகீழாகப் பிடித்து லேசாக அமுக்கினால் மூக்கு வழியே மாவு சீரான கோடாக விழும். அவர் அதில் அம்புக்குறி போட்டார். கால்வாய்க் கரை, ஏரிக்கரை, தைலத்தோப்பு, காப்புக்காட்டின் ஓரம் என்று ஓடுவதற்கு அழகான ஒரு பாதையைத் தேடிப் பிடித்து, திரும்பும் இடத்திலெல்லாம் வெள்ளை அம்பு போட்டு வைத்தார். அந்தப் பாதையில்தான், ஒரு மார்கழிக் காலையில், யானை அடித்து இறந்துபோனார்.

மச்சான் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தி மேலாளர். நான் வேறொரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். எச்சரிக்கைப் பலகைகளுக்கு வாசகம் எழுதுவது என் வேலை. கையை உள்ளே விடாதே, தலைக்கவசம் இல்லாமல் நுழையாதே, இப்படி. மிச்ச நேரத்தில் சிறு பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவு ஆட்கள்தான் படிக்கிறார்கள். மச்சானுக்கு என் இரண்டு எழுத்துகள் மீதும் மரியாதை கிடையாது. அவருடைய மதமே வேறு. தொழிற்சாலைக்காரர்கள் 'ஃபைவ் எஸ்' என்று சொல்லும் ஜப்பானிய ஒழுங்கு அது. எல்லாப் பொருளுக்கும் ஓர் இடம், எல்லாப் பொருளும் அதனதன் இடத்தில். அவர் பிரிவில் நடைபாதையின் இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு போட்டிருக்கும். கோட்டுக்குள் ஒரு போல்ட் கிடந்தாலும் குனிந்து எடுத்து, "இதுக்கு ஓனர் யாருப்பா?" என்று கேட்டபடி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் வாசலில் சிதறிக் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்ப்பார், அப்புறம்தான் தண்ணீர் குடிப்பார். "வழியில எது கிடந்தாலும் அது தப்பான எடத்துல கிடக்குது, மாப்ள" என்பார். பத்துச் சொல்லுக்குள் அடங்கிய தத்துவம். என் பலகைகளில் ஒன்றுகூட இவ்வளவு கச்சிதமாக அமைந்ததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அவருக்கு இதயத்தில் அடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் அப்பாவும் சித்தப்பாவும் ஐம்பதைத் தாண்டாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அவள் படிப்பை முடித்து, வேலைக்குப் போவதைப் பார்க்கும்வரை இருக்க வேண்டும் என்பதை அவர் ஒரு உற்பத்தி இலக்காகவே எடுத்துக்கொண்டார். முதலில் நடந்தார். பிறகு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மெல்ல ஓட ஆரம்பித்தார். துணைக்கு என்னை இழுத்தார். என் உடம்பைப் பார்த்தால் ஓடுவதற்கு எனக்கும் காரணம் இருப்பது யாருக்கும் தெரியும் என்பதால் மறுக்க முடியவில்லை.

முதலில் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில்தான் ஓடினோம். லாரிப் புகை, கம்பெனி பஸ்கள், காலை ஷிப்டுக்குப் பறக்கும் இருசக்கர வண்டிகள். ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கு நுரையீரலைப் பலி கொடுப்பதில் அர்த்தமில்லை என்று மச்சான் வேறு பாதை தேடினார். அப்படிக் கிடைத்ததுதான் கால்வாய்க் கரை. அழகான பாதை என்று சொன்னேன். எங்கள் ஊர் அளவுக்கு அழகு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே பெருநகரத்திலிருந்து வரும் ஆற்றுத் தண்ணீர் மதகில் விழுந்து நுரையாகப் பொங்கும். மழைக்காலத்தில் அந்த நுரை ஆள் உயரத்துக்கு எழுந்து காற்றில் பறந்து கரையில் வந்து உட்காரும். தூரத்திலிருந்து பார்த்தால் பனி. கிட்டப்போனால் சலவைக்கடைச் சாக்கடை. மூக்கைப் பொத்திக்கொண்டு, "காஷ்மீர் மாதிரி இருக்குதில்ல?" என்பார் மச்சான். அதைத் தாண்டினால் ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள், அப்புறம் ஏரி. ஏரியின் ஒரு கரையில் யாரோ கொட்டிய தெர்மாகோல் மலை, மறுகரையில் கொக்குகள். ஏரிக்கரை முடியும் இடத்தில் தைலத்தோப்பு, அதற்குப் பின்னால் காப்புக்காடு. அங்கே மட்டும் உண்மையாகவே காற்று சுத்தமாக இருந்தது. மச்சான் கண்ணை மூடி மூச்சு இழுப்பார். பாதை முழுவதையும் கைபேசியில் பதிவு செய்து, ஓடுபவர்களுக்கான ஆப் ஒன்றில் 'ஸீனிக் ரூட்' என்று பெயர் கொடுத்து ஏற்றினார். குடியிருப்பில் நாலைந்து பேர் எங்களோடு சேர்ந்து, குளிர் கூடியதும் கழன்றுகொண்டார்கள்.

ஏரிக்கரையின் கடைசி நிலம் ஒரு ராகி விவசாயியுடையது. எங்களுக்குள் ராகிக்காரர் என்றுதான் அவருக்குப் பெயர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். நாங்கள் திரும்பி வரும்போதுதான் எழுந்து பல் துலக்கிக்கொண்டிருப்பார். ராகி முற்றியதும் இரவெல்லாம் பரணில் உட்கார்ந்து காவல் காப்பார், விடியும்போது அதிலேயே அசந்துவிடுவார். முதல் நாள் எங்களைப் பார்த்து, "யாருமே தொரத்தலியே, அப்பறம் எதுக்கு சாரு ஓடுறீங்க?" என்று கேட்டார்.

"பின்னாடி எமன் தொரத்துறான்" என்றார் மச்சான்.

"அவன் கூட ஓடி செயிக்க முடியுமா? உக்காருங்க, காபி குடிங்க."

அதன்பின் தினமும் இதே கேள்வி, தினமும் வேறு பதில். கடன்காரன், மேனேஜர், மனைவி என்று துரத்துகிறவர்களை மாற்றிக்கொண்டே வந்தோம். யானை என்று யாரும் சொல்லவில்லை. ராகி முற்றும் காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் இறங்கும் என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். எங்களைப் போன்ற குடியிருப்புவாசிகளுக்கு அது செய்தித்தாளில் வரும். எப்போதும் பக்கத்து ஊருக்குத்தான் வரும்.

கார்த்திகை முடிவில் ஒருநாள், ஏரிக்கரை தோப்புக்குத் திரும்பும் இடத்தில், பாதைக்குக் குறுக்கே வேப்பங்கிளை ஒன்று கிடந்தது. மச்சான் நிற்காமலே குனிந்து எடுத்து ஓரமாகப் போட்டார். சில நாள் கழித்து அதே இடத்தில் இன்னொன்று, கொஞ்சம் பெரியது. அதையும் எடுத்து, கரைக்கு இணையாக நேராக வைத்தார். அதற்கடுத்தது தைலமரக் கிளை, இரண்டு ஆள் நீளம். இழுத்து ஒதுக்கிவிட்டு, அழிந்துபோயிருந்த அம்பையும் புதிதாகப் போட்டார். "எவனோ வேணும்னே பண்றான் மாப்ள. நாம ஓடுறது எவனுக்கோ பொறுக்கல" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதே வாரம் ராகிக்காரர் காபியை ஆற்றியபடி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: "பக்கத்து ஊட்டு ஆடுங்க தொல்ல தாங்கல சாரு. வேப்பங்கெளை போட்டா இழுத்துட்டுப் போகுது. சரி, தைலம் திங்காதுன்னு அதப் போட்டேன். அதையும் இழுத்துப் போட்டிருக்குது. என்ன ஆடோ." நான் சிரித்துத் தலையாட்டினேன். எதற்காகக் கிளை போடுகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. வேலி என்று நினைத்தேன். வழியில் கிளை கிடந்தால் யானை உள்ளே இருக்கிறது, திரும்பிப் போ என்று அர்த்தம். கன்றுக்குட்டியை ஓட்டிப் போகும் சிறுமி வரை அந்தக் கரையில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்ட ஆள் கிடையாது. இரண்டு புகார்களும் ஒரே காதில்தான் விழுந்தன. நடுவில் இருந்த மண்டையோ எச்சரிக்கைப் பலகை எழுதிச் சம்பளம் வாங்கும் மண்டை.

அந்தக் காலையில் பனி அதிகம். மச்சான் வழக்கம்போல் முன்னால் போய்விட்டார். நான் வழக்கம்போல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். திருப்பத்துக்கு வந்தபோது, ஆடு இழுக்கவே முடியாத வேலமுள் கொத்து ஒன்று, ஒரு சின்ன மரம் அளவுக்கு, பாதையிலிருந்து இழுக்கப்பட்டுக் கரையோரம் கிடந்தது. மண்ணில் இழுத்த தடம். அதன் முனையில் ஈரம்கூடப் படாத புது வெள்ளை அம்பு. நான் அம்பைப் பார்த்தேன். அம்பு சொன்ன பக்கம் நடந்தேன். அப்போதுதான் பரணிலிருந்து குரல் வந்தது. ராகிக்காரர் துண்டை வீசிக் கத்திக்கொண்டிருந்தார். முதலில் தெலுங்கில், பிறகு கன்னடத்தில், மூன்றாவதாக, "போவாத சாரு, உள்ள இருக்குது" என்று தமிழில். தோப்புக்குள் மரம் முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. மரம்தான், மரமாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.

வெடி போட்டு யானையை விரட்டி, வனத்துறைக்காரர்கள் வந்து, உள்ளே போக விட்டபோது வெயில் ஏறியிருந்தது. தோப்பு முடியும் இடத்தில் கிடந்தார். ஒரு காலில் காலணி இல்லை. இன்னொன்றின் இரட்டை முடிச்சு அவிழாமல் இருந்தது. சற்றுத் தள்ளி சாஸ் பாட்டில் கிடந்தது, மூடி திறந்து. நடுப்பகலில் ஓசூர் மருத்துவமனையில் அடையாளம் காட்டச் சொன்னார்கள். முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லாமல் கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுவதும் முள் கீறல். ஆடும் கிளையும் நான் நினைத்த வேலியும் எல்லாம் அந்தக் கையில் ஒன்றாகச் சேர்ந்து எனக்குப் புரிந்தது, யாருக்கும் பயனில்லாத நேரத்தில்.

காரியம் முடிந்த மறுநாள் ராகிக்காரர் மச்சான் வீட்டுக்கு வந்தார். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முந்தின நாள்தான் உறவுக்காரர் ஒருவர், "அந்த ஊர்க்காரனுக ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆளு பொழைச்சிருப்பான்" என்று எல்லோர் காதும் கேட்கச் சொல்லியிருந்தார். அது ராகிக்காரர் காதுக்கும் போயிருந்தது. மெலிந்திருந்தார். அந்தக் காலைக்குப் பிறகு பரணில் ஏறவே இல்லை, ராகியில் பாதியை யானை தின்றுவிட்டது, போகட்டும் என்றார். பிறகு என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில் கேட்டார்: "நான் முள்ளு போட்டேன் சாரு. சாமி சத்தியமாப் போட்டேன். எடம் மாத்திப் போட்டுட்டனா? பனியில தெரியலியா அவருக்கு?"

கதவுக்குப் பின்னால் மச்சானின் மனைவியும் என் மனைவியும் நிற்பது எனக்குத் தெரியும். பனியில் தெரிந்திருக்காது என்று சொல்லிவிட்டால் இறந்தவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எதிரில் இருந்தவர் அந்தப் பனியைச் சுமந்துகொண்டே மிச்ச நாளும் இருக்க வேண்டும். "நீங்க சரியாத்தான் போட்டீங்க அண்ணா. அவருதான் எடுத்துப் போட்டாரு. முதல் கெளையிலிருந்து எல்லாத்தையும் அவருதான் எடுத்தாரு. எங்களுக்கு அது என்னன்னே தெரியாது" என்றேன்.

"ஆடு இல்லையா?" என்றார்.

"இல்லை."

"ஆட்டுக்காரன்கிட்ட சண்ட போட்டு பேச்ச விட்டுட்டேனே சாரு."

அந்த நிமிடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வாய் கோணியது. ஒவ்வொரு கிளையையும் ஆட்டுக்காக ஒருவர் பெரிதாக்க, ஒவ்வொன்றையும் ஒழுங்குக்காக இன்னொருவர் ஒதுக்க, இரண்டு நல்ல மனிதர்கள் முகம் பார்க்காமல் ஒரு மாதம் வேலை செய்து முடித்த காரியம் அது. அடுத்த நொடி அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் போனபிறகு என் மனைவி, "எங்கண்ணன் வழியச் சுத்தம் பண்ணுச்சு. அத ஊருக்கெல்லாம் சொல்லணுமா?" என்று கேட்டாள். அதன்பின் பொங்கல் முடியும்வரை சோறு வைத்தாளே தவிர என்னோடு பேசவில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. செத்தும் தன் அண்ணன் கேலிக்கு ஆளாவதை எந்தத் தங்கைதான் பொறுப்பாள்? நான் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் தனித்தனி அறையில் தூங்கின.

நினைத்துப் பார்க்காத ஒன்று பாக்கி இருந்தது. மச்சான் ஆப்பில் ஏற்றிய பாதை இன்னும் அங்கேயே இருக்கிறது. அதை நீக்க அவருடைய கடவுச்சொல் வேண்டும். அது யாருக்கும் தெரியாது. அடுத்த கார்த்திகையில் புது அடுக்குமாடிகளிலிருந்து பளீர் நிறச் சட்டைகளோடு ஆட்கள் அந்தப் பாதையில் ஓட வந்தார்கள். ராகிக்காரர்தான் சொன்னார்: "கெளையத் தாண்டிக் குதிக்குறாங்க சாரு. நான் கத்துனா கைய ஆட்டிட்டுப் போறாங்க." வனத்துறை ஒரு பலகை வைத்தது. வாசகம் என்னுடையதைவிட மோசமில்லை, ஒருவரும் படிக்கவில்லை.

அதனால் இப்போது யானை இறங்கியிருக்கும் காலைகளில் ராகிக்காரர் எனக்குப் போன் செய்கிறார். "இன்னிக்கு இருக்குது சாரு" என்பார், அவ்வளவுதான். நான் மச்சானின் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போகிறேன். ஓடுவதை விட்டுவிட்டேன், என்னைத் துரத்துகிறவர் மெதுவாகவே வரட்டும். போன வாரம் போனபோது கிளைக்கு முன்னால், வந்த வழியே திரும்பச் சொல்லிப் பெரிய அம்பு ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். காதில் பாட்டோடு ஓடிவந்த ஒரு பையன் நின்று, கிளையை ஓரமாக ஒதுக்கப் போனான். நல்ல பையன், வழியைச் சுத்தம் செய்கிற ஜாதி.

"அது சரியான எடத்துலதான் கிடக்குதுப்பா" என்றேன்.

"இல்ல சார், ரூட் இப்படித்தான் போகுது" என்று கைபேசியைக் காட்டினான். நீலக் கோட்டின் மேலே மச்சானின் பெயரும், சிரித்த முகமும்.

"தெரியும். அவர்தான் திரும்பச் சொன்னாரு" என்றேன்.

அவன் படத்தையும் அம்பையும் என்னையும் பார்த்தான். அம்பை நம்பித் திரும்பி ஓடினான். வீட்டுக்கு வந்து பாட்டிலை அலமாரியில் வைத்தேன். மாவு தீரும் தறுவாயில் இருந்தது. மறுநாள் பார்த்தால் கழுத்துவரை நிரம்பியிருந்தது, மூடி இறுக்கி, மூக்கில் அடைத்திருந்த மாவைக்கூட ஊசியால் குத்திச் சுத்தம் செய்து. நான் நிரப்பவில்லை. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.