எண்ணெய்த் தலையும் கசவுச் சேலையும்

போன மாதம் என் உச்சந்தலையை டிவியில் பார்த்தேன். நெய்யாற்றின்கரையில் புதிதாகத் திறந்த ஒரு பியூட்டி பார்லரில்தான். மகளின் தொல்லை தாங்காமல் போயிருந்தேன். அங்கிருந்த பெண் பேனா மாதிரி ஒரு கேமராவை என் முடிக்குள் விட்டு, வகிடு வகிடாக ஊர்வலம் நடத்தினாள். சுவரில் இருந்த திரையில் கோடைகால வயல்போல ஏதோ வெடித்துக் கிடந்தது.

"சேச்சிக்கு பயங்கர ட்ரை ஸ்கால்ப் ஆக்கும். தலைக்கு எண்ணெயே காட்டுகதில்லையோ?" என்று வருத்தத்தோடு கேட்டுவிட்டு, கட்டைவிரல் அளவில் ஓர் எண்ணெய்க் குப்பியை எடுத்து முன்னால் வைத்தாள்.

நான் சிரித்த சிரிப்பில், பக்கத்து நாற்காலியில் முகத்துக்கு ஏதோ பூசிக்கொண்டு கிடந்த அம்மாள் கண்மேல் இருந்த வெள்ளரித் துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்காமல் என்ன செய்ய? இதே தலையில் எண்ணெய் வழிந்த குற்றத்துக்காகச் சேலைப் பிரிவிலிருந்து பாவாடைப் பிரிவுக்கு நாடு கடத்தப்பட்டவள் நான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வீடு காரக்கோணத்துக்குப் பக்கம். வேலை கேரள எல்லையோரப் பாறசாலையில், ரோட்டை ஒட்டியிருந்த ஒரு ஜவுளிக்கடையில். கடைக்கு வருபவர்கள் மலையாளத்தில் விலை கேட்பார்கள், தமிழில் பேரம் பேசுவார்கள், படியாவிட்டால் இரண்டு மொழியிலும் திட்டிவிட்டுப் போவார்கள். அந்தக் கடையில் சேலைப் பிரிவில் நிற்பது ஒரு பதவி. வாசல் பக்கம், ஃபேனுக்கு நேர் கீழே, மூன்று பக்கமும் கண்ணாடி. பஸ்ஸில் போகிறவர்கள்கூட நம்மைப் பார்க்கலாம்.

என் தலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். காலையில் குளித்தால் மதியச் சோற்றுக்கு முன்பே நெற்றியோரம் மினுங்கத் தொடங்கும். நாலு மணிக்கு முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும். பஸ் ஜன்னலில் சாய்ந்து தூங்கினால், இறங்கும்போது கண்ணாடியில் வட்டமாக என் முத்திரை இருக்கும். இது போதாது என்று அம்மா வேறு தினமும் காலையில் ஈரத்தலையில் உள்ளங்கை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்து அழுத்துவாள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள். "எண்ணெ வைக்காம போனா நாலு பேரு என்ன சொல்லுவினும்? வீட்டுல தேங்கா இல்லண்ணு நெனைப்பினும் மக்கா." எங்கள் குடும்பத்தின் கௌரவம் முழுவதையும் நான் தலையில் சுமந்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.

ஒரு நாள் கள்ளிக்காட்டிலிருந்து கல்யாணத்துக்குத் துணி எடுக்க ஒரு கூட்டம் வந்தது. அந்தக் காலத்தில் கடையில் பொம்மையெல்லாம் கிடையாது. விற்கிற பெண்தான் சேலையைத் தன் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். நான் பொன்கரை போட்ட ஒரு கசவுச் சேலையைப் போட்டுக் காட்டினேன். இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு என்றார்கள். திரும்பினேன். என் பின்னலும் என்னோடு திரும்பியிருக்கிறது. சேலை பிடித்துப்போய், பில் போடுவதற்கு முன் பெண்ணின் அம்மா ஒருதரம் விரித்துப் பார்த்தார். பால் நிறத் துணியில் கையகலத்துக்கு ஓர் எண்ணெய் வட்டம். அதன் வழியாக எதிர்ச்சுவர் தெரிந்தது.

"இதெந்தா, இதில் பப்படம் பொரிச்சதா?" என்று கேட்டார் அவர்.

மறுநாள் சூப்பர்வைசர் சந்திரன் அண்ணன் கூப்பிட்டார். ஐம்பது தாண்டியவர். "இண்ணு முதல் நீ பாவாடை செக்ஷன். அங்க எண்ணெ பட்டாலும் ஒருத்தரும் பாக்கப்போறதில்ல" என்றார். அன்று மாலைக்குள் கடை முழுக்க என் பெயர் 'பப்படம்' ஆகிவிட்டது.

பாவாடைப் பிரிவு கடையின் கடைக்கோடியில், மாடிப்படிக்கு அடியில். ஃபேன் இல்லை. வியர்வை ஊற ஊற, தலை இன்னும் செழித்தது. சேலைப் பிரிவிலிருந்த ஷீலாதான் மதியம் டிபன் பாத்திரத்தோடு என்னைத் தேடி வருவாள். திருப்புறத்துக்காரி, சர்ச் பாட்டுக்குழுவில் பாடுகிறவள். ரகசியம் பேசினாலும் மூன்று கடைக்குக் கேட்கிற குரல். "எட்டி, நீ ஒண்ணும் கொலை செய்யல்ல. தலையக் கழுவு, தீந்துது காரியம்" என்றாள்.

எப்படிக் கழுவுவது என்று கேட்டதுதான் தவறு. மனிதருக்கு வேறு எதில் சந்தேகம் இருந்தாலும் அடுத்தவர் தலை விஷயத்தில் சந்தேகமே கிடையாது. பில் போடும் அக்கா பயறுபொடி என்றார். தேய்த்தேன். பொடி முழுதாகப் போகாமல், பொடுகுக்காரி என்று ஒரு பட்டம் கூடுதலாகக் கிடைத்தது. தையல்காரர் கஞ்சித்தண்ணி என்றார். ஊற்றினேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட் மூன்று நாள் காலியாகவே வந்தது. குளிக்கிற சோப்பைத் தினம் இரண்டு வேளை போட்டுப் பார்த்தேன். முடி விறைத்துக்கொண்டு நின்றது, மறுநாள் எண்ணெய் முன்னைவிட அதிகமாக வந்தது. கடைசியாக என் சொந்த மூளையில் உதித்தது டால்கம் பவுடர். வியர்வையில் அது மாவாகக் குழைந்து காதோரம் இறங்கியபோது, கருநீலத்தில் பாவாடை கேட்டு வந்த ஒருவர் எதுவும் கேட்காமலே திரும்பிப் போனார்.

அழுகை முட்டியது அன்றுதான். மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாவும் கூட வந்தாள். டாக்டர் என் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டார்.

"எண்ணெய் ஒன் தலையிலேயே ஊறுது. அதுக்கு மேல வெளியில இருந்து எதுக்கு ஊத்துற? யாரு சொன்னா?"

அம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுவிட்டு ஒருநாள், லேசான ஷாம்பு, அதையும் தண்ணீரில் கலக்கி வேரில் மட்டும் விரல் நுனியால் தேய்த்து நன்றாக அலசு, நகத்தால் சுரண்டாதே. மருத்துவம் இவ்வளவுதான். வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "அந்த டாக்டருக்க தலையப் பாத்தியா? காஞ்ச தேங்காத் தும்பு மாதிரி. அவரு சொல்லுதாராம்."

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் ஒப்பந்தம் ஏற்பட்டது. சனிக்கிழமை மட்டும், குளிப்பதற்கு அரைமணி நேரம் முன்பு, முடியின் நுனிக்கு மட்டும் எண்ணெய். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் ஷாம்புப் பாக்கெட்டில் பாதியைக் கிழித்து மக்கில் கலக்கி, மீதியைக் கிணற்றடிச் சுவரின் பொந்தில் சொருகி வைப்பேன். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு மாலை நாலு மணிக்கு விரலால் வகிட்டைத் தடவினேன். விரல் காய்ந்திருந்தது. ஓடிப்போய் ஷீலாவின் கையைப் பிடித்துத் தலையில் வைத்துக் காட்டினேன்.

சந்திரன் அண்ணனிடமும் போனேன். அவர் தலையைப் பார்க்கவே இல்லை. "தல மாறினா போதுமா? பேரு மாறல்லியே" என்றார்.

ஓணத்துக்கு முந்திய வாரம், கடை பிதுங்கிக்கொண்டிருந்தது. ஆள் போதாமல் சந்திரன் அண்ணனே ஒரு கசவுச் சேலையைத் தோளில் போட்டு, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். நல்ல புழுக்கம். திடீரென்று சேலை பார்த்த அம்மாள் "அய்யோ!" என்றார். துணியில் ஒரு கறை. சந்திரன் அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கடைக்கோடியைப் பார்த்துக் கத்தினார்: "எட்டி பப்படம்! இதத் தொட்டது நீதானே?"

கையில் பச்சைப் பாவாடையோடு நான் எட்டிப் பார்த்தேன். ஷீலாவின் குரல் எழுந்தது.

"அண்ணா, அவளுக்க தலையில வழிஞ்சது எண்ணெயாக்கும். எண்ணெ எப்பம் கறுத்துது?"

எல்லாக் கண்களும் சேலையிலிருந்து சந்திரன் அண்ணனின் கிருதாவுக்கு ஏறின. அங்கிருந்து காதைச் சுற்றி, கழுத்து வழியாக, நரைக்குப் பூசிய மை கறுப்புக் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். தன் கைக்குட்டையை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் நான் சேலைப் பிரிவில். சந்திரன் அண்ணன் பாவாடைப் பிரிவில் என்று நீங்கள் எதிர்பார்த்தால், ஜவுளிக்கடையில் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம். அவரை இன்னொரு ஊரில் திறந்த கிளைக்கு மேனேஜராக்கி அனுப்பினார்கள். கூடவே, டிரஸ் மாற்றும் அறைக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: 'பெண் ஊழியர்கள் தலையில் எண்ணெய் தேய்த்து வரக் கூடாது.' அதைப் படித்தபோது, கறை பட்ட அன்றைக்கு எரிந்ததைவிட அதிகமாக மனசு எரிந்தது. மதியத்துக்குள் அதன் கீழே பால்பாயிண்ட் பேனாவில் ஒரு வரி சேர்ந்திருந்தது: 'ஆண் ஊழியர்கள் மை தேய்த்து வரக் கூடாது.' எழுதியது யார் என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஷீலா பதில் சொல்லிவிடுவாள் என்ற பயம்தான்.

அவள் பிறகு கல்யாணமாகி அயர்லாந்து போனாள். முதலில் கடிதம் வந்தது, பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை மட்டும் வந்தது, பிறகு அதுவும் இல்லை. அம்மா போய்ப் பதினோரு வருடம். ரோட்டை அகலப்படுத்தியபோது கடையின் முன்பாதியை இடித்துவிட்டார்கள். பாவாடைப் பிரிவு இருந்த பின்பாதி மட்டும் தப்பித்து, இப்போது அதில் மொபைல் ரீசார்ஜ் செய்கிறார்கள். நான் தோளில் சேலை போட்டு, இப்படியும் அப்படியும் திரும்பி நின்ற இடத்தின் மேல் களியக்காவிளை பஸ் நிற்காமல் போகிறது.