கரிசலில் பாடிய செம்மண் பாட்டு

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆனால் களையெடுக்கும்போது மட்டும் பாடுவேன். எல்லாரும் குனிந்திருப்பதால் என் முகத்தை யாரும் பார்க்க முடியாது, அதுதான் காரணம்.

நான் பிறந்தது நரிக்குடிப் பக்கம் செம்மண் ஊரில். அறுபதுகளின் கடைசியில் பந்தல்குடிப் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊருக்கு வாக்கப்பட்டு வந்தேன். வந்த கார்த்திகையிலேயே பருத்திக்குக் களையெடுக்கப் போனேன். பத்துப் பெண்கள். ஆள் சேர்க்கிற அக்காவுக்குப் பிடித்தால்தான் மறுநாளும் கூப்பிடுவாள் என்று மாமியார் சொல்லியிருந்தார். கூப்பிடாவிட்டால் பகலெல்லாம் வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டும். அந்த ஊரில் எனக்குப் பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் கிடையாது.

பொழுது ஏறியதும் அந்த அக்கா கேட்டாள். "ஏத்தா புதுப்பொண்ணு, ஒங்க ஊருல பாடுவீகளா? இல்ல வாய வீட்டுலயே வச்சுட்டு வருவீகளா?"

எங்கள் ஊர்ப் பாட்டை எடுத்தேன். செம்மண்ணில் களைக்கொத்தியைப் போட்டு இழுத்தால் மண் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். பாட்டும் அதேபோல் நிற்காமல் ஓடும். மற்றவர்களும் சேர்ந்து பாடினார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இன்னும் வேகமாகப் பாடினேன்.

கரிசல் வேறு மாதிரி. மழை ஈரம் காயாத மண் கொத்தியில் கட்டியாக அப்பிக்கொண்டது. அதை வழித்துப் போட என் பாட்டில் நேரமே இல்லை. வழிக்காமலே கொத்தினோம். கொத்தி கனத்து, கண்ட பக்கம் வழுக்கியது.

நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரம்மா வரப்பில் வந்து நின்று சத்தம் போட்டார். "அடியே, களை நிக்கிது, செடியில்ல விழுந்து கெடக்கு! வேல பாக்க வந்தீகளா, கச்சேரிக்கு வந்தீகளா?"

திரும்பிப் பார்த்தேன். நாலு இலை விட்ட பருத்திக் கன்றுகள் சாய்ந்து கிடந்தன. என் நிரையில்தான் அதிகம். அந்த அக்கா குனிந்து தன் நிரையைக் கொத்தப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அதன்பின் யாரும் பாடவில்லை. பாட்டு நின்றதால் பத்துக் கொத்திகளின் சத்தமும் காதில் விழுந்தது. சதக்கென்று ஒரு கொத்து. பிறகு கட்டைவிரலால் மண்ணை வழிக்கிற சத்தம். அதற்குப் பிறகுதான் அடுத்த கொத்து. இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் கொத்தினார்கள். நான் பாடினபோது எனக்காக அதை விட்டிருக்கிறார்கள்.

மத்தியானக் கஞ்சி குடித்துவிட்டு மறுபடி காட்டில் இறங்கியபின், யாரும் கேட்காமலே அதே பாட்டை மெதுவாக எடுத்தேன். அடிக்கு அடி கடைசிச் சொல்லை, மண்ணை வழித்து முடிக்கிறவரை இழுத்தேன்.

"யாரு செத்துட்டாக, இப்பிடி இழுக்குற?" என்று ஒருத்தி சிரித்தாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவளும் இழுத்தாள். அன்று சாயங்காலம்வரை ஒரு செடி விழவில்லை.

ஓடையில் கால் கழுவும்போது அந்த அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நாளைக்குக் கெழக்குக் காடு. வெள்ளன வந்துரு. காலையில பாடுனத வீட்டுல வச்சுட்டு, மத்தியானம் பாடுனத மட்டும் கொண்டா."