மாத்திரையில் போட்ட பங்கு

சில வருஷங்களுக்கு முன்னால், ராயபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எலுமிச்சை அளவானது. நிணநீர்ச் சுரப்பியில் வேகமாகப் பரவுகிற புற்றுநோய் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். வழக்கமான கீமோவோடு, புற்று செல்லை மட்டும் குறிவைக்கிற புது மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்களாம். சிலருக்கு நிஜ மாத்திரை, மற்றவர்களுக்கு அதே மாதிரி இருக்கிற, மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. பொறுமையாகத்தான் சொன்னார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாங்களும் சரி என்றோம்.

அங்கேதான் கத்திவாக்கத்துக்காரர் ஒருத்தர் சிநேகமானார். முகத்துவாரத்தில் இறால் பிடிக்கிறவர். அதே நோய், அதே ஆராய்ச்சி. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கீமோ ஏறிக்கொண்டிருக்கும், இரண்டு பேரும் வலையையும் காற்றையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கடலில் யார் கை வலையை இழுத்தாலும் கரைக்கு வந்தால் எல்லோருக்கும் பங்கு. என் வீட்டுக்காரருக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஒருநாள் அந்த ஆளை வீட்டுக்கே கூட்டிவந்து, இரண்டு பேருடைய மாத்திரை டப்பாவையும் தட்டில் கொட்டிப் பாதிப் பாதியாக மாற்றிக்கொண்டார்.

“இன்னாய்யா பண்றீங்க?” என்று கத்தினேன்.

“யார்து நெஜம், யார்து டூப்புன்னு எவனுக்குத் தெரியும்? பங்கு போட்டா ரெண்டு பேரு வவுத்துலயும் கொஞ்சமாவது மருந்து போவும்ல?”

அவர் வாய்க்கு முன்னால் நான் எங்கே பேச! புது டப்பா வரும்போதெல்லாம் இந்தக் கூத்து நடந்தது.

மறைக்கிற புத்தியும் அந்த மனுஷனுக்குக் கிடையாது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று நர்ஸ் கேட்டபோது, “ரெண்டு பேரும் பங்கு போட்டு கரீட்டா துன்றோம் சிஸ்டர்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். டாக்டரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாத்திரை நின்றது, கீமோ மட்டும் தொடர்ந்தது.

கத்திவாக்கத்துக்காரருக்குக் கட்டி கரைந்தது. என் வீட்டுக்காரருக்குத் திரும்பி வந்தது. அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார்.

ஆராய்ச்சி முழுசாக முடிந்த பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது நிஜ மாத்திரையாம். முழுசாகச் சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். “அதை யாராலும் சொல்ல முடியாதும்மா” என்றார் டாக்டரம்மா. வீட்டுக்கு வந்து அவர் படத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஊருக்கெல்லாம் பங்கு வைக்கத் தெரிந்த மனுஷனுக்கு, கட்டினவளை நினைக்கத் தெரியவில்லையே என்று அழுதேன்.

அந்த வாரமே கத்திவாக்கத்துக்காரர் வந்தார். கையில் வழக்கம்போல இறால் பை. என் வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் “அண்ணன் பங்கு” என்று கொண்டுவந்து கொடுப்பார். அன்றைக்கு வாசலிலேயே நின்றார்.

“அண்ணி, என்னையும் கூப்ட்டு சொன்னாங்க. எனக்குக் குட்த்தது வெறும் டூப்பாம். அண்ணனுது இன்னா?”

அவர் முகத்தைப் பார்த்தேன். நல்ல சதை பிடித்திருந்தது. வயிறு எரிந்தது எனக்கு. சொல்லியிருப்பேன். ஆனால் சொன்னால் என் காலில் விழுந்து அழுவார், அதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

“அதுவும் டூப்புதான்” என்றேன்.

அவர் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். “நல்லவேள அண்ணி. அப்ப நான் அண்ணன் பங்கைத் துன்னுடல.”

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை இறால் வருகிறது, நானும் வாங்கிக் குழம்பு வைக்கிறேன். உயிரையே பங்கு போட்டுக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு, திரும்பி வருகிற பங்கு இவ்வளவுதான் என்று நினைக்கும்போது முதல் வாய்ச் சோறு இன்னும் எனக்கு இறங்குவதில்லை.